எழுத்தும் இயந்திரமும்

நுழையும்முன்

ஒரு கருவியைப் பயன்படுத்துவது வேறு. அது இயங்கும் முறையை அறிந்து பயன்படுத்துவது வேறு. கணினியும் செயற்கை நுண்ணறிவும் அன்றாட வாழ்வில் கலந்துவிட்ட இக்காலத்தில் இவ்வேறுபாடு முன்னைவிடப் பெரிதாகியுள்ளது. பொறியாளராக இயந்திரத்தை உருவாக்கும் பணியிலும், எழுத்தாளராக அதன் உட்பொருளைத் தமிழ் மக்களுக்கு விளக்கும் பணியிலும் ஒருசேர ஈடுபட்டவர் சுஜாதா. திருவரங்கத்தின் வீதிகளில் வளர்ந்து, நாட்டின் தேர்தல் முறையையே மாற்றிய ஒரு கருவியின் ஆக்கத்தில் பங்கேற்ற அவரது வாழ்க்கை வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அரங்கத்தில் வளர்ந்த சிறுவர்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்னும் பெயருடனும் வடக்குக் கிளை கொள்ளிடம் என்னும் பெயருடனும் ஓடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த ஊர் திருவரங்கம். ஏழு திருச்சுற்றுகளும் இருபத்தொரு கோபுரங்களும் கொண்ட அரங்கநாதர் திருக்கோவிலைச் சூழ்ந்து இவ்வூர் அமைந்துள்ளது. கோவிலின் திருச்சுற்றுகளே ஊரின் வீதிகளாகவும் விளங்குவது இதன் தனிச்சிறப்பு.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். இவர் 1935-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தை சீனிவாச ராகவன், தாய் கண்ணம்மா. தந்தையின் அரசுப் பணியில் இடமாறுதல்கள் அடிக்கடி நேர்ந்தமையால், ரங்கராஜன் திருவரங்கத்தில் தம் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். அங்குள்ள ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார்.

அக்காலத் திருவரங்கத்தில் தெற்கு வாயிலில் இன்று வானளாவி நிற்கும் இராசகோபுரம் இல்லை. அடித்தளத்தோடு நின்றுபோன அதனை மக்கள் மொட்டைக் கோபுரம் என்று அழைத்தனர். பதின்மூன்று நிலைகளுடன் அது முழுமையடைந்தது 1987-ஆம் ஆண்டில்தான். சித்திரை வீதியும் உத்தர வீதியும், திண்ணைப் பேச்சும், தெருவில் ஆடிய கிரிக்கெட்டும், திருவிழாக் கூட்டமும், அம்மா மண்டபப் படித்துறையும் சேர்ந்த அவ்வூரே அவரது முதற்பள்ளி எனலாம். அங்குக் கண்ட மனிதர்களையே பிற்காலத்தில் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்னும் சிறுகதைத் தொகுப்பில் உயிருடன் உலவவிட்டார். மனிதர்களை மிகைப்படுத்தாமல் உற்றுநோக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

பள்ளிப் படிப்புக்குப் பின் ரங்கராஜன் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். 1844-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று, 1883-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த பழம்பெருமை உடைய கல்லூரி அது. மலைக்கோட்டைக்கு அருகில் அமைந்த அக்கல்லூரியில் அவர் இயற்பியல் பயின்றார். பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாமும் அதே காலத்தில் அங்கு இயற்பியல் பயின்றார். இருவரும் பின்னர்க் குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொறியியல் படிப்பைத் தொடர்ந்தனர். ஒருவர் வானூர்தித் துறையையும் மற்றவர் மின்னணுவியலையும் தேர்ந்தனர்.

இருவேறு பணிகள், ஒரே மனிதர்

ரங்கராஜன் மின்னணுவியல் படிப்பை முடித்த 1950-களின் இறுதியில் இந்தியா முழுமையிலும் கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு கணினி இயங்கியது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டிலேயே ஒரு கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தது. பொதுமக்களைப் பொறுத்தவரை கணினி என்பது கேள்விப்படாத பொருளாகவே இருந்தது.

இச்சூழலில் ரங்கராஜன் நடுவண் அரசின் வானூர்திப் போக்குவரத்துத் துறையில் பணியேற்றார். வானில் செல்லும் விமானங்களைத் தரையிலிருந்து நெறிப்படுத்தும் பணி அது. ஒரு சிறு பிழையும் உயிரிழப்பில் முடியக்கூடிய இப்பணியில் ஒவ்வொரு செய்தியும் சுருக்கமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் அமைதல் வேண்டும். அவருடைய உரைநடையின் சிக்கனமும் தெளிவும் இப்பணிச்சூழலோடு பொருந்தி நிற்பதைக் காணலாம்.

பணியின் ஊடே அவர் எழுதியும் வந்தார். 'குமுதம்' இதழில் ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத் தம் மனைவியின் பெயராகிய சுஜாதா என்பதையே புனைபெயராக ஏற்றார். 1968-இல் வெளியான 'நைலான் கயிறு' என்னும் தொடர்கதை அவருக்குப் பெரும்புகழை ஈட்டித்தந்தது. 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம் எஸ். ஆர்.' என்னும் பெயரில் கட்டுரைகள் எழுதினார். எந்த நகரில் பணியாற்றியபோதும் தம் ஊரின் பெயரை அவர் விட்டுவிடவில்லை என்பதற்கு இப்புனைபெயரே சான்று.

ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அரசுத் துறையில் பணியாற்றியபின், பெங்களூரில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். நாட்டின் பாதுகாப்புத் துறைக்குத் தேவையான மின்னணுக் கருவிகளை உருவாக்குவதற்காக 1954-இல் தொடங்கப்பெற்ற பொதுத்துறை நிறுவனம் அது. அவர் அங்குச் சேர்ந்த காலமும் மின்னணுவியலின் திருப்புமுனைக் காலமாக அமைந்தது. 1971-இல் அமெரிக்காவில் முதல் வணிக நுண்செயலி விற்பனைக்கு வந்தது. விரல் நகம் அளவே உள்ள அச்சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இடம்பெற்றிருந்தன. அறையை நிறைத்த கணினி, கையடக்கமான சில்லுக்குள் சுருங்கத் தொடங்கியது. இம்மாற்றத்தைத் தம் ஆய்வுக்கூடத்தில் நேரில் கண்டவர் சுஜாதா. அதனைத் தமிழில் சொல்லும் மொழித்திறமும் அவரிடம் இருந்தது.

வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கம்

இந்தியத் தேர்தல்களில் நெடுங்காலம் வாக்குச்சீட்டே பயன்பட்டது. முத்திரையைத் தவறான இடத்தில் பதித்தமையால் பல்லாயிரம் வாக்குகள் செல்லாதவையாயின. சில இடங்களில் வாக்குச்சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளை மொத்தமாக முத்திரையிட்டுப் பெட்டியில் திணிக்கும் கொடுமையும் நிகழ்ந்தது. சீட்டுகளை எண்ணி முடிக்கவும் நெடுநேரம் ஆயிற்று. இக்குறைகளை நீக்க மின்னணு முறையை ஆராயத் தேர்தல் ஆணையம் முனைந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய மின்னணுக் கழகமும் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இப்பணியில் ஈடுபட்டன. பெங்களூரில் நடந்த வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் மேற்பார்வைப் பொறுப்பேற்றவர் சுஜாதா.

இக்கருவிக்குரிய நிபந்தனைகள் எளியவை அல்ல. மின்வசதி இல்லாத சிற்றூரிலும் அது இயங்க வேண்டும். எனவே மின்கலத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஐயமின்றி வாக்களிக்க வேண்டும். எனவே வேட்பாளர் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே ஒரு பொத்தானும் ஒரு சிறு விளக்கும் வைக்கப்பட்டன. வெயிலையும் தூசியையும் கரடுமுரடான பயணத்தையும் அது தாங்க வேண்டும்.

இயந்திரம் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, தேர்தல் அலுவலர் பொறுப்பில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. மற்றொன்று, மறைவிடத்தில் வாக்காளர் பயன்படுத்தும் வாக்களிப்புக் கருவி. இரண்டும் ஐந்து மீட்டர் நீளமுள்ள வடத்தால் இணைக்கப்பட்டுள்ளன. அலுவலர் தம் கருவியில் பொத்தானை அழுத்தி ஒப்புதல் தந்தால்தான் வாக்காளர் ஒரு வாக்கைப் பதிய இயலும். அவ்வாக்குப் பதிந்தவுடன் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். மறுபடியும் அலுவலர் ஒப்புதல் தரும்வரை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. சாவடியைக் கைப்பற்றியவரும் நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான வாக்குகளைப் பதிந்துவிட முடியாது. அலுவலர் முடிவுப் பொத்தானை அழுத்திவிட்டால் அதன்பின் ஒரு வாக்கும் ஏறாது. மின்கலத்தை அகற்றினாலும் பதிந்த வாக்குகள் நினைவகத்தில் அழியாமல் இருக்கும்.

இவை அனைத்தையும்விட முதன்மையான முடிவு ஒன்றுண்டு. இவ்வியந்திரம் வேறு எந்தக் கணினியோடும் வலைப்பின்னலோடும் இணைக்கப்படுவதில்லை. அதன் நிரல், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதிக்கப்படுகிறது. எழுதியபின் அதனைத் திருத்த இயலாது. நிரலை வெளியாரிடம் ஒப்படைக்காமல், இரண்டு பொதுத்துறை நிறுவனங்களின் பொறியாளர்களே தத்தம் நிறுவனத்தில் தனித்தனியாக எழுதினர்.

இம்முடிவின் ஆழத்தை உணர, ஒரு பொதுக் கணினியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொதுக் கணினி பல வேலைகளைச் செய்யும். புதிய நிரல்களை ஏற்கும். தொலைவிலிருந்து வரும் கட்டளைக்கும் பணியும். அதன் வலிமை இதுவே. அதன் வலுவின்மையும் இதுவே. வெளியுலகை நோக்கித் திறந்த ஒவ்வொரு வழியும் நண்பருக்கும் பயன்படும், பகைவருக்கும் பயன்படும். வாக்குப்பதிவு இயந்திரமோ எண்ணுதல் என்னும் ஒரே வேலையைச் செய்கிறது. தேவையற்ற வாயில்களை அமைக்காமல் விடுவதே அதன் முதற்பாதுகாப்பு. கோட்டைச் சுவரை உயர்த்துவதற்கு முன் வாயில்களின் எண்ணிக்கையைக் குறைப்பவனே தேர்ந்த காவலன்.

தெரிந்து தெளிவோம்

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாக 1982-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தமையால் அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. 1988-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. 2001-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுமையும், 2004-இல் மக்களவைத் தேர்தல் முழுமையும் இவ்வியந்திரங்களைக் கொண்டே நடத்தப்பெற்றன.

ஐயமும் தெளிவும்

பரவூர் வழக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. இயந்திரம் பிழையின்றி இயங்கினால் மட்டும் போதாது; அதற்குச் சட்டத்தின் ஒப்புதலும் மக்களின் நம்பிக்கையும் தேவை. தாம் அளித்த வாக்கு எங்கே செல்கிறது என்பதைச் சீட்டுமுறையில் கண்ணால் காண முடிந்தது. பெட்டிக்குள் மறைந்த மின்னணுச் சுற்றில் அதனைக் காண இயலாது. எனவே மக்கள் ஐயம் கொள்வது இயல்பே.

இவ்வையத்தைப் போக்கும் வழிகள் இயந்திரத்துக்கு வெளியேயும் அமைக்கப்பட்டன. வாக்குப்பதிவு தொடங்குமுன் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தப்படுகிறது. முகவர்கள் கையொப்பமிட்ட தாள் முத்திரைகளால் இயந்திரம் மூடப்படுகிறது. பாதுகாப்பு என்பது சில்லின் திறத்தால் மட்டும் அமைவதன்று. பலர் கண்முன் நடக்கும் ஒழுங்கான நடைமுறையாலும் அமைவது. சுஜாதாவும் இயந்திரம் செயற்படும் முறையைத் தம் எழுத்துகளில் எளிய தமிழில் விளக்கினார். வினவுவோரை அறியாதார் என்று ஒதுக்காமல், விளக்கம் தருவதைத் தம் கடமையாகக் கொண்டார்.

அவரது காலத்துக்குப் பின்னும் இவ்விவாதம் தொடர்ந்தது. இயந்திரத்தைக் கைக்கொண்டு அதன் உட்பகுதிகளை மாற்றினால் முடிவை மாற்ற இயலும் என்று 2010-இல் ஆய்வாளர் சிலர் செய்து காட்டினர். முத்திரை, காவல் முதலிய நடைமுறைகள் அதற்கு இடந்தரா என்று தேர்தல் ஆணையம் விடையளித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம், வாக்காளர் சரிபார்க்கும் தாள்பதிவு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தாம் தேர்ந்த சின்னம் பதிந்த தாளை வாக்காளர் ஏழு நொடிகள் கண்ணாடி வழியே காணும் வசதி, அவ்வாண்டு நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கி, 2019 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் பரவியது. ஐயம் எழுப்பியோரும் விடையளித்தோரும் சேர்ந்தே அம்முறையை மேம்படுத்தினர். கேள்விக்கு உட்படாத இயந்திரத்தைவிடக் கேள்விகளை எதிர்கொண்டு திருந்திய இயந்திரமே நம்பிக்கைக்கு உரியதாகிறது.

தமிழில் கணினி அறிவியல்

பகலில் ஆய்வுக்கூடத்திலும் எஞ்சிய நேரத்தில் எழுத்து மேசையிலும் உழைத்த சுஜாதா, நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களையும் ஏறத்தாழ 250 சிறுகதைகளையும் பல நாடகங்களையும் படைத்தார். கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இணையர் தமிழ் வாசகர்களின் இல்லத்து மனிதராகவே ஆயினர். சங்க இலக்கியம், திருக்குறள், ஆழ்வார் பாசுரங்கள் ஆகியவற்றை இன்றைய வாசகருக்கு எளிமையாக அறிமுகம் செய்தார். எனினும், அறிவியல் தமிழுக்கு அவர் ஆற்றிய பணி தனித்துப் போற்றத்தக்கது.

'சிலிக்கன் சில்லுப் புரட்சி' போன்ற நூல்களில் மின்னணுவியலின் நுட்பங்களைத் தமிழில் தந்தார். 'ஜூனியர் விகடன்' இதழில் வாசகர்கள் அனுப்பிய அறிவியல் ஐயங்களுக்கு அவர் அளித்த விடைகள் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் பெயரில் நூலாயின. அத்தலைப்பில் உள்ள மூன்று வினாக்களும் ஒரு பொறியாளர் தம் பணியில் நாளும் எழுப்ப வேண்டியவை. ஒரு செயல் ஏன் நிகழ்கிறது என்பது காரணத்தைத் தேடுவது; எதற்கு என்பது பயனைத் தேடுவது; எப்படி என்பது முறையைத் தேடுவது. இம்மூன்றையும் சிற்றூர் மாணவரும் கேட்கலாம், விடையும் பெறலாம் என்னும் நம்பிக்கையை அப்பகுதி ஏற்படுத்தியது. ஆங்கிலம் அறிந்தோருக்கு மட்டுமே உரியதாக இருந்த கணினி அறிவு, பெட்டிக்கடையில் தொங்கும் வார இதழின் வழியே இல்லந்தோறும் சென்றது.

எளிமைப்படுத்துதல் அவரிடம் பொருளைச் சிதைத்தலாக இருந்ததில்லை. பழகிய பொருள்களை உவமையாக்கிப் பழகாத கருத்தை விளக்கினார். வழக்கில் ஊன்றிய பிறமொழிச் சொல்லை அஞ்சாது ஆண்டார். நல்ல தமிழ்ச்சொல் கிடைத்தபோது அதனையும் ஏற்றார். அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்த்த இப்பணிக்காக 1993-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழுவின் விருது அவருக்கு வழங்கப்பட்டது. வாக்குப்பதிவு இயந்திரப் பணிக்காக வாஸ்விக் விருதும், இலக்கியப் பணிக்காகத் தமிழ்நாட்டரசின் கலைமாமணி விருதும் பெற்றார்.

ஜீனோவும் ஜீவாவும்

1980-களில் 'ஆனந்த விகடன்' இதழில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தமிழ் அறிவியல் புனைகதையில் ஒரு மைல்கல். பின்னர் அது தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்தது. கதை நிகழும் காலம் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டு. அதாவது நாம் வாழும் இக்காலம். அங்கு மக்களின் பெயர்கள்கூட இரண்டெழுத்தாகச் சுருக்கப்பட்டுள்ளன. குழந்தை பெறவும் அரசின் ஒப்புதல் வேண்டும். நாட்டை ஆளும் ஜீவா என்னும் தலைவனின் சொல்லுக்கு அனைவரும் பணிகின்றனர். நிலா என்னும் எளிய பெண், காணாமற்போன தன் கணவனைத் தேடிப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணையாக அமைவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது நூல்களைப் படிக்கிறது, வினாக்களை எழுப்புகிறது, தனக்கு இடப்பட்ட கட்டளைகளின் எல்லையைக் கடந்து சிந்திக்கிறது.

தேடலின் முடிவில், மக்கள் வணங்கிய ஜீவா உயிருள்ள மனிதனே அல்லன், ஒளியால் உருவாக்கப்பட்ட வெறும் பிம்பம் என்னும் உண்மை வெளிப்படுகிறது. அப்பிம்பத்தின் பின்னால் வேறு சிலர் இருந்து அதனை இயக்குகின்றனர். மனிதரைப் போல் தோன்றும் ஜீவா ஒரு கருவி. கருவியாகத் தோன்றும் ஜீனோவோ நட்புக்குரிய துணை. இயந்திரம் நல்லதா, தீயதா என்னும் வினாவை இப்புதினம் எழுப்பவில்லை. அதனை இயக்குவோர் யார், அதன் உள்ளே இருப்பது என்ன, அதனைக் கேள்வி கேட்கும் துணிவு மக்களுக்கு உண்டா என்னும் வினாக்களையே எழுப்புகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தை முன்னிட்டு எழுந்த வினாக்களும் இவையே. பொறியாளர் ரங்கராஜனும் எழுத்தாளர் சுஜாதாவும் இவ்விடத்தில் ஒருவராகின்றனர். இக்கதையின் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' என்னும் புதினத்தையும் அவர் எழுதினார்.

நிறைவுக் காலம்

சுஜாதா 1993-இல் பொதுமேலாளராகப் பணிநிறைவு பெற்றுச் சென்னையில் குடியேறினார். திரைத்துறையில் 'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்' முதலிய படங்களுக்கு உரையாடல் எழுதினார். இணையம் தமிழ்நாட்டில் பரவத் தொடங்கிய காலத்தில் 'அம்பலம்' என்னும் இணைய இதழுக்கு ஆசிரியராக அமைந்தார். அச்சு இதழில் எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், அறுபது வயதைக் கடந்த பின்னரும் புதிய ஊடகத்தை விருப்புடன் ஏற்றமை குறிப்பிடத்தக்கது. 'ஆனந்த விகடன்' இதழில் 'கற்றதும் பெற்றதும்' என்னும் பகுதியின் வழியே இளம் வாசகர்களோடு தொடர்ந்து உரையாடினார். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். மனித உணர்வு பெற்ற இயந்திரத்தைப் பற்றிய 'எந்திரன்' திரைப்படம், அவரது உரையாடல் பங்களிப்புடன், அவர் மறைந்தபின் 2010-இல் வெளிவந்தது.

இன்றைய தேவை

இன்று திருச்சிராப்பள்ளிக்கு அருகே நாவல்பட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இயங்குகிறது. காவிரிக் கரையில் வளரும் மாணவர், வேண்டிய செயலியைத் தமிழில் விவரித்தாலே அதற்குரிய நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தருகிறது. பல நாள் உழைப்பு சில நொடிகளில் முடிகிறது. இவ்வசதியை வேண்டாம் என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. புதுமையை அஞ்சாமல் ஏற்பதே சுஜாதா காட்டிய வழி.

ஆயினும் எழுதித்தரப்பட்ட நிரலைப் படித்து உணரும் பொறுப்பு மனிதருடையது. கருவி தரும் நிரல் பெரும்பாலும் சரியாக இயங்கும். ஆனால் அதில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் இருக்கலாம். தேவையற்ற வாயில் ஒன்று இணையத்தை நோக்கித் திறந்திருக்கலாம். பயனர் தரும் செய்தியைச் சரிபார்க்காமல் ஏற்கும் பிழை இருக்கலாம். தம் வீட்டுக் கணினியையே வழங்கியாக்கி, ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலையோ ஒரு கடையின் கணக்கையோ அதில் வைப்பவர், அதன் காவலராகவும் ஆகிவிடுகிறார். எந்த வாயில் எதற்காகத் திறந்துள்ளது என்று அறிதல், தேவையற்றதை மூடுதல், திருத்தங்களை உரிய காலத்தில் சேர்த்தல், தரவுகளுக்கு மறுபடி எடுத்து வைத்தல், பிறர் பார்வைக்கு வைத்துப் பிழை களைதல் ஆகியவை அக்காவலரின் கடமைகள். அவர் தவறினால் இழப்பு அவருக்கு மட்டுமன்று. அவரை நம்பித் தம் செய்திகளை ஒப்படைத்த அனைவருக்கும் உரியது.

தாம் உருவாக்கும் கருவியை முழுமையாக அறிதல், அறிந்ததை எளிய மொழியில் பிறருக்கு விளக்குதல், பிறர் எழுப்பும் ஐயத்தை மதித்தல் ஆகிய மூன்றும் சுஜாதாவின் வாழ்வில் இணைந்திருந்தன. விளக்க முடியாத நிரலை ஒருவர் உண்மையில் அறிந்தவர் ஆகார். ஏன், எதற்கு, எப்படி என்னும் மூன்று வினாக்களையும் நம் கணினித் திரையில் தோன்றும் ஒவ்வொரு வரியின் முன்னும் எழுப்புவோமாயின், இயந்திரம் நமக்கு இனிய துணையாகவே விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு மின்னணுக் கருவியைத் தேர்ந்து, ஏன், எதற்கு, எப்படி என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடி வகுப்பறையில் உரையாற்றுக.

2. தேர்தலில் தாள்பதிவு முறை சேர்க்கப்பட்டதன் தேவை குறித்து இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித்தந்த ஒரு சிறு நிரலின் ஒவ்வொரு வரியும் செய்யும் பணியைத் தமிழில் விளக்கி எழுதுக.